ஒரு கல் குறைகிறது

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உங்கள் ஊர்ப் பெண். சுங்கை சிப்புட்டில் பிறந்து, பத்து வயதில் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தவள். அலுவல் காரணமாகத் தென்னமெரிக்கா சென்றிருந்தபோது, எக்குவடோரின் தலைநகரான குயிட்டோவில் ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. பழைய நகரைச் சுற்றிக்காட்டும் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். வழிகாட்டி வயதானவர். பெரிய சதுக்கத்தையும் பொன்னிழைத்த தேவாலயத்தையும் விரைவாக முடித்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் முற்றத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்று, பேய் கட்டிய கதை ஒன்றைச் சொன்னார். எனக்கோ தலைவலி, மூச்சிரைப்பு. பூமத்திய ரேகைக்குப் போக நேரமே இல்லாமற்போயிற்று. கட்டுக்கதையைக் கைப்பேசியில் படித்துக்கொள்ளலாமே? இப்படிப்பட்ட ஊர்களுக்கு வழிகாட்டியோடு போவது நல்லதா, தனியாகப் போவது நல்லதா? உயரத்தை எப்படிச் சமாளிப்பது? கடைசியில் அன்பளிப்பு வேறு எதிர்பார்க்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டுமா?

வாசகி, கோலாலம்பூர்

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு தாள் மூன்று வாரமாக முடிக்கப்படாமல் கிடந்தது. நம் பட்டணத்து இளைஞர்கள் சிலர், வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் காலையில் அழைத்துக்கொண்டு புறப்பட்டு மாலைக்குள் ஊரைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்க விரும்பி, எந்தெந்த இடத்தில் நிற்பது, நின்ற இடத்தில் என்ன சொல்வது என்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். இரயில் நிலையத்தை எழுதினேன். 1954ஆம் ஆண்டு விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையை எழுதினேன். மூன்றாவதாக, 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டு, அதையொட்டி நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதை எழுத உட்கார்ந்தேன். கொல்லப்பட்ட மூவரின் பெயரும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. அன்று விடியற்காலையில் அதே தோட்டங்களில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்ற நம்மவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட என்னால் எழுத முடியவில்லை. அந்த வரியோடு பேனா நின்றுவிட்டது.

உயரத்தைப் பற்றிய கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குயிட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் குளிர் தேடிப் போகும் கேமரன் மலையின் தானா ராத்தாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே மேடேறி நடந்தால் யாருக்கும் தலை வலிக்கலாம். முதல் நாள் படுத்து ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மெதுவாக நடங்கள், வலி கூடிக்கொண்டே போனால் மேலே ஏறாமல் கீழே இறங்குங்கள், மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அன்பளிப்பைக் கொடுங்கள். வழிகாட்டியா தனிமையா என்பதற்கு என் விடை, அந்தக் கிழவரைப் போன்ற ஒருவர் கிடைத்தால் எத்தனை மணி நேரமானாலும் அவர் பின்னால் போங்கள் என்பதுதான்.

ஆனால் 'கட்டுக்கதை' என்று நீங்கள் எழுதிய சொல்லை நான் விடமாட்டேன். மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் முன்முற்றத்தைக் குறித்த நாளுக்குள் கட்டித் தருவதாகக் கந்துன்யா என்ற பழங்குடி மனிதன் ஒப்புக்கொள்கிறான். நாள் நெருங்குகிறது, வேலை முடியவில்லை. சாத்தான் வந்து, உன் ஆன்மாவைக் கொடு, விடிவதற்குள் நான் முடித்துத் தருகிறேன் என்கிறது. கடைசிக் கல் வரை எல்லாம் பதிந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இரவெல்லாம் குட்டிப் பேய்கள் கல் சுமக்கின்றன. கந்துன்யா இருட்டில் ஒரே ஒரு கல்லை ஒளித்து வைத்துவிடுகிறான். விடியலில் மணி அடிக்கும்போது ஒரு கல் குறைகிறது, ஒப்பந்தம் முறிகிறது, அவன் ஆன்மா பிழைக்கிறது. கந்துன்யாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் அந்த வளாகத்திலேயே இன்றும் இருக்கிறது.

இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் வரலாற்றை எழுதிய இயேசு சபைத் துறவி ஹுவான் தெ வெலாஸ்கோ சொல்வது அது. 1534இல் ஸ்பானியர் வருவதற்கு முன்பே, நகரம் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று ருமிஞாவி என்ற இன்காப் படைத்தலைவன் அதற்குத் தீ வைத்தான். புதையலை ஒளிக்க அவனுக்கு உதவியவனின் மகன்தான் கந்துன்யா. பிற்காலத்தில் அவன் கையில் பொன் புழங்குவதைக் கண்டு விசாரித்தபோது, புதையல் இருக்கும் இடத்தைச் சொன்னால் தன் மக்களுக்கு என்ன நேரும் என்று அறிந்திருந்த அவன், இந்தப் பொன் சாத்தான் கொடுத்தது என்று சொல்லிவிட்டான். அம்மா, இந்த வடிவத்தைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தன்னையும் தன்னவர்களையும் காப்பாற்ற ஒருவன் பேயின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

நீங்கள் பார்த்த அந்த நகரத்தை எண்ணிப் பாருங்கள். பொன்னிழைத்ததென்று நீங்கள் எழுதிய இயேசு சபையாரின் தேவாலயம் 1605இல் தொடங்கி 1765இல் முடிந்தது. 160 ஆண்டுகள், அதாவது ஐந்தாறு தலைமுறைக் கைகள். எரிமலைக் கல்லை உடைத்தவர்கள், மேட்டில் ஏற்றியவர்கள், பொன் தகட்டைப் பலகையில் ஒட்டியவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்களே. குயிட்டோ வட்டாரத்தின் செல்வமே, அம்மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிய நெசவுக் கூடங்களிலிருந்து வந்தது. காஸ்பிகாரா என்று அழைக்கப்பட்ட மனுவேல் சிலி என்ற பழங்குடிச் சிற்பியைப் போல மிகச் சிலரின் பெயரே நமக்கு எஞ்சியிருக்கிறது. 1978இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலைத் தொடங்கியபோது, முதல் வரிசையிலேயே குயிட்டோவும் போலந்தின் கிராகோவும் இடம்பெற்றன. அந்தப் பெருமைக்குரிய முற்றத்தைக் கட்டியது யார் என்று கேட்டால், ஊர் வாய்வழியாகச் சொல்லும் விடை 'பேய்' என்பது. நம் நாட்டுப்புறத்திலும் பூதம் ஒரே இரவில் கட்டிய கோயில்களும், வெட்டிய குளங்களும் எத்தனை இருக்கின்றன! கூலியின் பெயரை எழுதி வைக்காத இடத்தில், பல நூற்றாண்டுக்குப் பிறகு பூதம் வந்து நிற்கிறது. எழுதி வைத்தவர்களும் உண்டு: 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், தலைமைத் தச்சனான குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது, கோயில் பணிக்கென்று கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கேயும் கல் சுமந்தவர்களின் பட்டியல் இல்லை. உங்கள் வழிகாட்டி முக்கால் மணி நேரம் நின்றது இந்த இடத்தில்தான். கைப்பேசியில் படித்தால் கதை மட்டும் கிடைக்கும். அவர் ஏன் மற்ற எல்லா இடங்களையும் சுருக்கிவிட்டு அங்கே மட்டும் அவ்வளவு நேரம் நின்றார் என்பது கிடைக்காது. அதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

பூமத்திய ரேகையைப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறீர்கள். அங்கே எழுப்பப்பட்டுள்ள நினைவுச்சின்னம் உண்மையான ரேகையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் தள்ளி நிற்கிறது என்பதைவிட, அது யாருடைய நினைவாக நிற்கிறது என்பதுதான் உங்களுக்கும் எனக்கும் முக்கியம். பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1736இல் பிரான்சிலிருந்து குயிட்டோவுக்கு வந்த அறிஞர் குழுவின் நினைவாக எழுந்தது அது. அக்குழுவிலிருந்த லா கொண்டமின், அந்த ஆண்டே குயிட்டோவிலிருந்து பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கறுத்து இழுபடும் ஒரு பிசினை அனுப்பி வைத்தார். எஸ்மரால்டாஸ் பகுதி மக்கள் அது வடியும் மரத்தை 'ஹேவே' என்று அழைப்பதாகவும் எழுதினார். 'ஹேவியா' என்ற தாவரவியல் பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயரைச் சுமக்கும் ரப்பர் மரத்தைத்தான் அம்மா, நம் பாட்டன்மார் கித்தா என்றும் பால்மரம் என்றும் அழைத்தார்கள். பின்னாளில் விதை பிரேசிலிலிருந்து வந்தது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் ஒன்பதை இங்கே கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் வேலிக்குள் நிற்கிறது. மரத்துக்கு வேலி இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது. பால் வடியும் மங்குகளைக் கட்டி, விடியலுக்கு முன் விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அதன் வழித்தோன்றல்களில் பால் வெட்டிய தலைமுறைகளுக்கு என்ன இருக்கிறது?

நான் பிறந்த தோட்டத்தில் தொரை பங்களா ஒரு மேட்டின்மேல் இருந்தது. சாலையிலிருந்து பங்களா வரை 53 கற்படிகள். கூலி வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்த பிள்ளைகளான நாங்கள், முனியாண்டி சாமி ஒரே இராத்திரியில் போட்ட படிகள் அவை என்று நம்பினோம். நடுவில் ஒரு படியில் இருந்த பள்ளத்தைச் சாமியின் குதிகால் என்று தொட்டுக் கும்பிடுவோம். ஒருநாள் இதைக் கேட்டுவிட்ட என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உச்சந்தலையைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே முடியே இல்லை. "முனி எங்கடா கல்லு சொமந்துச்சி? நான் சொமந்தேன். எங்கூட இருந்த பொம்பளைங்க சொமந்தாங்க. ஆத்துலேருந்து இங்க வரைக்கும், நாளுக்கு 40 காசு" என்றார்.

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, முன்பு அங்கே நிர்வாகியாக இருந்த ஒரு தொரையின் மகள், தான் பிறந்த இடத்தைப் பார்ப்பதற்காக இங்கிலாந்திலிருந்து வந்தார். என் அப்பா பால் ஸ்டோரில் மேற்பார்வை பார்த்த மண்டோர். ஓரளவு ஆங்கிலம் பேசுவார். அந்த அம்மையாரைச் சுற்றிக்காட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடை பிடிக்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அலுவலகம், புகைக்கூடம், புல் மண்டிய டென்னிஸ் திடல் என்று ஒவ்வோரிடத்திலும் நின்று, எந்தத் தொரை எந்த ஆண்டில் வந்தார், எந்த ஆண்டில் போனார் என்பதை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தார். அந்த அம்மையார் நல்லவர். பங்களா வராந்தாவில் நின்று அழுதார். இறங்கி வரும்போது, இந்தப் படிகளைக் கட்டியது யார் என்று கேட்டார். அப்பா சற்றும் தயங்காமல், "உங்கள் அப்பாதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் குடையைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரம் அப்பாயி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், லயத்து வாசற்படியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். லயத்துப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

போகும்போது அந்த அம்மையார் அப்பாவின் கையில் பணம் கொடுத்தார். அதை அப்படியே கொண்டுபோய் அப்பாயியிடம் நீட்டினார் அப்பா. எதுக்குடா இது என்றார் அப்பாயி. "தோட்டத்தச் சுத்திக் காட்டுனதுக்கு." "என்னத்தடா காட்டுன?" அப்பா பதில் சொல்லாமல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

அந்த ஒரு சொல்லுக்காக அப்பாவின்மேல் எனக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. குடியிருந்த வீடு தோட்டத்துடையது, குடித்த தண்ணீர் தோட்டத்துடையது, வேலை போனால் மூன்றும் ஒரே நாளில் போகும் என்பதையெல்லாம் பிற்பாடு அறிந்துகொண்ட போதும் கோபம் முழுதாக ஆறவில்லை. வெலாஸ்கோவின் கந்துன்யாவைப் படித்த இரவில்தான், விசாரித்தவர்களிடம் பேயின் பெயரைச் சொன்னவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு என் அப்பாவும் நிற்பதைக் கண்டேன். அவர் உயிரோடு இருந்தபோது அதை நான் புரிந்துகொள்ளவில்லை.

தோட்டம் கைமாறிச் செம்பனை ஆகிவிட்டது. லயங்கள் இல்லை, பங்களாவின் கூரையும் விழுந்துவிட்டது. படிகள் பாசி படிந்து அப்படியே இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலையே, மேசையில் கிடந்த தாளில் 1948ஐ நான்காம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, மூன்றாம் இடத்தை நிரப்பினேன்: 53 படிகள், கட்டியவர்கள் அப்பாயியும் அவரோடு கல் சுமந்த பெண்களும், அவர்களில் எனக்குத் தெரிந்த ஏழு பெயர்கள், நிற்க வேண்டிய நேரம் முக்கால் மணி. இளைஞர்கள் அதை மிக நீளம் என்கிறார்கள். குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய ஒன்று இல்லை. அந்தப் பெரியவர் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அவர் பாட்டி வீட்டில் பேசியது ஸ்பானிய மொழியா, பழங்குடி மொழியான கிச்வாவா? கல் குறைகிற இடம் இதுதான் என்று முற்றத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டினார்? நினைவிருந்தால் எழுதுங்கள். அவரைத் தொடர்புகொள்ளும் வழி உங்களிடம் இருந்தால், கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.