விபத்துப் பழுதுக்குப் பின் ஸ்டீயரிங் தளர்வு: அலைன்மென்ட்டை விட்டுவிட்டு மூட்டுகளைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. இடது முன்சக்கரம் தடுப்புச்சுவரில் மோதிய ஸ்விஃப்ட் கார், பழுது பார்த்தபின் நடுவில் இரண்டு விரல் அளவுக்கு ஸ்டீயரிங் வெறுமனே ஆடுகிறது, இருமுறை அலைன்மென்ட் செய்தும் தீரவில்லை என்கிறீர்கள். தீராது. அலைன்மென்ட் சக்கரத்தின் கோணத்தைத் திருத்தும். மூட்டில் உள்ள ஆட்டத்தை அதனால் போக்க முடியாது.

வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கவனிக்க வேண்டும். முதலில் ஸ்டீயரிங் தண்டு ரேக்குடன் (சக்கரங்களைத் திருப்ப இடவலமாக நகரும் பல்சட்டம்) சேரும் இடத்தின் போல்ட். பழுதின்போது ரேக்கைக் கழற்றியிருந்தால் என் முதல் சந்தேகம் அதுதான். அது கழன்றால் ஸ்டீயரிங்கே போய்விடும். பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அடுத்து ரேக்கைப் பிடிக்கும் போல்ட்டுகள், டை ராட்டின் (ரேக்கைச் சக்கரத்துடன் இணைக்கும் கம்பி) இரு முனைகள், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) ரப்பர் புஷ்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்), பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆடினால் டை ராட் அல்லது ரேக். மேலும் கீழுமாகப் பிடித்தாலும் ஆடினால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியுடன் இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங்.

அலைன்மென்ட் அச்சுத்தாளில் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அளவையும் பாருங்கள். இந்த வண்டியில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. இரு பக்கமும் 1 டிகிரிக்கு மேல் வேறுபட்டால், ஆர்ம் வளைந்திருக்கலாம் அல்லது ஆர்மைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேம் நகர்ந்திருக்கலாம். அந்தத் தாளுடன் பட்டறைக்குப் போய்ப் பேசுங்கள்.