பழைய சுவரில் பெரிய டிவி: துளையிடும் முன் கேட்டவை

கேள்வி: 65 அங்குல டிவி வாங்கியாச்சு. வீடு ரொம்பப் பழசு, சுவர் தாங்குமா?

டிவி பெரும்பாலும் 20, 25 கிலோதான் இருக்கும், முழுச் செங்கல் சுவருக்கு அது ஒரு கனமே இல்லை. வம்பு செங்கலில் இல்லை, அதன் மேல் இருக்கும் சுண்ணாம்புப் பூச்சில். பழைய வீடுகளில் பூச்சின் மேல் பூச்சாக ஒன்றரை அங்குலம் வரைகூட ஏறியிருக்கும். டிவியைத் தாங்கும் பிராக்கெட்டோடு வரும் பிளக்கின் (போல்ட்டைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) நீளமே பெரும்பாலும் 2 அங்குலம்தான், அதில் முக்கால்வாசி பூச்சிலேயே நின்றுவிடும். அதனால் டிவி மறைக்கப் போகிற இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போட்டு, கொட்டுகிற தூளை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். மாவு மாதிரி வெள்ளையாக வரும்வரை பூச்சு. சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்தி, பிட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் 2 அங்குலமாவது போல்ட் செங்கலுக்குள் போக வேண்டும். சிவப்பே வராமல் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில் இறங்குகிறீர்கள், கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: 10 மி.மீ. துளை போட்டேன், ஓரம் உதிர்ந்து பெரிதாகிவிட்டது. பிளக் சும்மா சுற்றுகிறது. தீக்குச்சி சொருகி இறுக்கலாமா?

கூடவே கூடாது. நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான், மாட்டிய அன்று கல் மாதிரி நின்றது, மூன்றாம் மாதம் மேல் போல்ட் இரண்டும் விரல் அளவு வெளியே வந்திருந்தது, நல்லவேளை யாரோ கவனித்தார்கள். நீங்கள் ட்ரில்லை ஹேமரில், அதாவது அடித்துக்கொண்டே துளைக்கும் முறையில் வைத்துத் துளைத்திருப்பீர்கள். பழைய செங்கல் மென்மையானது, அந்த அடியை அது தாங்காது. ஹேமரை அணைத்துவிட்டு முதலில் சின்ன பிட், அப்புறம் பெரிய பிட் என்று போக வேண்டும். இப்போது ஒன்று, 10 செ.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள். இல்லை, அதே துளையில் சல்லடைக் குழாய் செருகி கெமிக்கல் ஆங்கர் பசையை (போல்ட்டைக் கல்லோடு ஒட்டி இறுகும் பசை) நிரப்புங்கள். அதற்கு முன் தூளை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுங்கள், தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லை அல்ல. டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை நட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வருகிறது.

பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கலாம். அதன் மேல் இறுக்கினால் அப்பளமாக நொறுங்கும், அந்தப் பகுதியை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசிய பிறகே மாட்ட வேண்டும். உள்ளே மரச்சட்டம் நிறுத்தி அதன் மேல் பூசிய சுவராகவும் இருக்கலாம். அப்படியானால் சட்டங்களைக் கண்டுபிடித்து, அவற்றில் 18 மி.மீ. பிளைவுட் பலகையை முடுக்கி, அதில் பிராக்கெட்டை மாட்டுங்கள்.

கேள்வி: மண் சுவர்?

மாட்டாதீர்கள். ஸ்டாண்டு வாங்குங்கள்.

கேள்வி: வெளியே இழுத்துத் திருப்பும் பிராக்கெட் ஆசையாக இருக்கிறது.

நிறைந்த வாளியை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், அப்புறம் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மேல் போல்ட்டுக்கு நேர்வதும் அதுதான். வாளியில் தண்ணீர் கூடவில்லை, இழுப்புதான் கூடுகிறது. சுவரின் மேல் சந்தேகம் இருந்தால் ஒட்டினாற்போல் நிற்கும் பிராக்கெட்டே போதும்.

கேள்வி: எவ்வளவு உயரம்?

சோபாவில் உட்கார்ந்தால் உங்கள் கண் இருக்கும் உயரம்தான் திரையின் நடு, பெரும்பாலும் தரையிலிருந்து 1 மீட்டர். எல்லோரும் இதைவிட உயரத்தில் மாட்டிவிட்டு அப்புறம் கழுத்து வலி என்கிறார்கள். பிராக்கெட்டை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், பழைய வீட்டின் கூரையையும் தரையையும் நம்பி அளக்காதீர்கள், இரண்டுமே சரிந்திருக்கும்.

கேள்வி: உள்ளே ஒயர் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

சுவிட்ச், பிளக் பாயின்ட் இவற்றுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் துளைக்காதீர்கள். ஆனால் பழைய வீட்டில் குறுக்காகவும் இழுத்திருப்பார்கள், கண்டுபிடிக்கும் கருவியும் கனத்த பூச்சில் தடுமாறும். ஆகவே மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ட்ரில்லால் போடுங்கள்.