முதல் செயின்சா: ஸ்டிக்கரில் போட்ட சிசியை நம்பலாமா?

கேள்வி: இத்தனை நாள் கோடாலி, கைரம்பத்தோடு ஓட்டிவிட்டேன், இனி முதுகு ஒத்துழைக்காது. வருஷத்துக்கு இரண்டு மூன்று டன் விறகு வேண்டும். எல்லாம் விழுந்த மரம், கழித்துப் போட்ட கிளை. பெரும்பாலும் ஒரு சாண் தடிமன், எப்போதாவது ஒரு முழம் இருக்கும். கையில் காசு குறைவு. ஆன்லைனில் 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) என்று போட்ட பெயர் தெரியாத மிஷின் ஒன்று, பெயர் பெற்ற கம்பெனியின் 40 சிசி மிஷினைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா? இல்லை, நல்ல கம்பெனி மிஷினையே பழசாக வாங்கலாமா?

பதில்: அந்த 58 சிசி வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விளம்பரத்தின் கீழே விவரங்களில் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 45 மி.மீ. விட்டம், 33 மி.மீ. ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டராக்கி, 4.5ஐ 4.5ஆல் பெருக்கி, அதை 0.785ஆல் பெருக்கி, வந்ததை 3.3ஆல் பெருக்கினால் 52 சிசி சொச்சம் வரும். மிச்சம் 6 சிசி எங்கே போனது என்றால், அது ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. அந்த இரண்டு அளவையும் போடவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, உண்மையாகவே 58 சிசி என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் வேலைக்கு அது பெரிது. ஒரு சாண் கட்டைக்கு 22 அங்குல பார் எதற்கு? பார் நீளமானால் செயினில் பல் கூடும், தீட்டும் நேரம் கூடும், முன்பாரம் கூடி மணிக்கட்டு நோகும், எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பார் நுனி எதில் போய் இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நுனியின் மேல் கால்பகுதி எதன்மீதாவது பட்டால் போதும், பார் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எகிறி உங்கள் முகத்தை நோக்கி வரும். கிக்பேக் என்பார்கள். செயின்சா விபத்துகளில் மிக மோசமானவை இதில்தான் நடக்கின்றன. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் கை மறைப்புத்தான் செயின் பிரேக்கின் லீவர், மிஷின் எகிறினால் செயினை நிறுத்துவது அதுதான். கடையில் மிஷினைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத் தள்ளிப் பாருங்கள். ‘டக்’கென்று விழுந்து செயின் இறுகிக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மிஷினைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

உங்களுக்கு 35 முதல் 45 சிசி, 14 அல்லது 16 அங்குல பார் போதும், தாராளமாகப் போதும். எப்போதாவது வரும் ஒரு முழக் கட்டையை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். பெயர்களாகச் சொன்னால் ஹஸ்க்வர்னா 435 மாடல் 40.9 சிசி, ஸ்டில் எம்எஸ் 250 மாடல் 45.4 சிசி, இந்த வட்டாரத்தில் தேடுங்கள். ஸ்டில் எம்எஸ் 180 வெறும் 31.8 சிசிதான், ஆனாலும் சாண் தடிமன் கட்டைக்கு அவசரப்படாமல் அறுப்பவருக்கு அதுவே வேலை செய்துவிடும், எடையும் குறைவு. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, நீங்கள் தேட வேண்டிய அளவு இதுதான் என்கிறேன்.

கம்பெனியைவிட முக்கியமானது உதிரிபாகம். மிஷின் விலை கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் அதே மாடலுக்கு ஏர் ஃபில்டரும் ஆயில் பம்ப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘இருக்கு’ என்று எடுத்து மேஜைமேல் வைத்தால் அது கடை. ‘வரவழைச்சுத் தரலாம் சார்’ என்றால் யோசியுங்கள். பாதி விலை மிஷினில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைந்து, அது எங்கேயும் கிடைக்காமல் முழு மிஷினும் மூலையில் உட்கார்ந்தால் அது பாதி விலையா, இரட்டை விலையா?

அப்புறம், கையில் இருக்கும் பணம் முழுவதையும் மிஷினில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். முகவலையும் காது மூடியும் சேர்ந்த ஹெல்மெட், வெட்டுத் தாங்கும் பேன்ட், கனமான பூட்ஸ், கையுறை, உபரி செயின் ஒன்று, அரம், செயின் ஆயில், இத்தனையும் அதில்தான் வர வேண்டும். அந்தப் பேன்ட்டைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள். உள்ளே நீளநீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் தொடையில் பட்டால் அந்த இழைகள் உருவி வந்து, செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் செயின் எங்கே நிற்கும் என்று யோசித்தால் சிரிப்பு வராது. காது மூடியும் அப்படித்தான், பெட்ரோல் செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காது ஒரே நாளில் போவதில்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

பழசு வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு, அவமானமான கதை. என் முதல் செயின்சாவை எட்டாவது நாளே கொன்றுவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு கேன்கள், ஒன்றில் டூடி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்த பெட்ரோல், இன்னொன்றில் வெறும் பெட்ரோல், இரண்டிலும் எதுவும் எழுதவில்லை. மாற்றி ஊற்றிவிட்டேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் உயிர். சில நிமிடம் வழக்கத்தைவிட ஜோராக ஓடியது, சத்தம் மெல்லியதாகி, கீச்சென்று நின்றது. கயிறு இழுத்தால் நகரவில்லை. மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பளபளவென்று இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது.

அந்தக் கோடுகளைத்தான் நீங்கள் பழைய மிஷினில் தேட வேண்டும். பெரும்பாலான மாடல்களில் சைலன்சர் இரண்டு மூன்று போல்ட்டில்தான் நிற்கிறது, ஐந்து நிமிட வேலை. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வேறு மிஷின் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், சூட்டில் எந்த நோயாளி மிஷினும் ஒரு இழுவையில் பிடித்துக்கொள்ளும். போனதும் கையால் தொட்டுப் பாருங்கள். இன்னொரு சோதனை: இன்ஜின் அணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மிஷினை மெதுவாகத் தொங்க விடுங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், நன்றாக இருந்தால் தொங்கி நின்று, விட்டுவிட்டு இறங்கும். கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. (கயிற்றை லேசாக இழுக்க உதவும் ஈஸி ஸ்டார்ட் பொறிமுறை உள்ள மாடல்களில் இந்தச் சோதனை சரியாக வராது, அங்கே சைலன்சரைக் கழற்றுவதுதான் வழி.) பெயின்ட் உரிந்திருப்பது, மூடி கீறியிருப்பது பற்றிக் கவலைப்படாதீர்கள். பிஸ்டனும் கம்ப்ரெஷனும் சுத்தமாக இருந்து, உதிரிபாகம் கிடைக்கும் மாடலாகவும் இருந்தால், பெயர் தெரியாத புது மிஷினைவிடப் பழைய நல்ல மிஷின் எவ்வளவோ மேல்.

கலவை பற்றிச் சொல்லிவிடுகிறேன். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மிஷினின் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கேனில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள், தயவுசெய்து.

நீங்கள் கேட்காத ஒன்று: மரத்தை எங்கே அறுக்கிறீர்கள்? எல்லாக் கட்டையும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறது என்றால், வயர் வைத்த 1800 அல்லது 2000 வாட் எலெக்ட்ரிக் செயின்சாவைப் பாருங்கள். குறைந்த காசில் இதற்கு நிகராக எதுவும் இல்லை என்பது என் கட்சி. கலவை கிடையாது, கார்புரேட்டர் கிடையாது, ஸ்விட்சை விட்டால் இன்ஜின் சத்தமும் இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்க வேண்டும், ரோலில் சுற்றியபடியே ஓட்டினால் சூடேறி உருகும், முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். மழை ஈரத்தில் தொடவே கூடாது. மேலே சொன்ன பேன்ட், எலெக்ட்ரிக் மோட்டாரின் இழுவிசையை எப்போதும் நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது, அதையும் நினைவில் வையுங்கள். பேட்டரி மிஷினைப் பொறுத்தவரை, அதே கம்பெனியின் பேட்டரி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் சரி, இல்லாவிட்டால் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து வாங்கும்போது பட்ஜெட் என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

கேள்வி: புது மிஷின் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. முதலில் வெண்ணெய் மாதிரி அறுத்தது. இப்போது அழுத்தினால்தான் இறங்குகிறது, புகை வருகிறது, அறுப்பும் ஒரு பக்கமாக வளைகிறது. கடையில் பவர் போய்விட்டது, சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றுகிறார்களோ இல்லையோ, கார்புரேட்டரைத் தொட விடாதீர்கள். கீழே விழுந்திருப்பதைக் கையில் அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக இருந்தால் செயின் கூராக இருக்கிறது, மாவு மாதிரித் தூளாக இருந்தால் மழுங்கிவிட்டது. உங்களுடையது மாவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு முறை மண்ணில் உரசினால் போதும், நாள் முழுக்க மரம் அறுத்து மழுங்காத செயின் ஒரு நொடியில் மழுங்கும். ஒரு பக்கம் வளைகிறது என்றால் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே அளவில் கூராக இல்லை என்று அர்த்தம்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், தீட்டும்போது இது உதவும். இப்போது நாம் பயன்படுத்தும் செயினின் வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர் 1946இல் ஒரு புழுவைப் பார்த்து யோசித்தது. விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, அடிமரத்தில் ஒரு வண்டின் புழு இடதும் வலதுமாக மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு, நாரின் குறுக்காகவும் நெடுக்காகவும் சுலபமாகப் போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் போலவே இடம், வலம், இடம், வலம் என்று சீவும் பற்களைச் செய்தார். பல் மரத்தைக் கிழிப்பதில்லை, இழைப்புளி மாதிரி சீவுகிறது. அதனால்தான் தீட்டும்போது எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கையில் அரம் இழுக்க வேண்டும், இந்தப் பக்கம் மூன்று இழுவை என்றால் அந்தப் பக்கமும் மூன்று.

அரம் உருண்டையானது, அளவு செயினைப் பொறுத்தது: 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. (3/8, 0.325 என்பவை அங்குலக் கணக்கில் செயினின் பிட்ச், அது என்ன என்று அடுத்த பதிலில் இருக்கிறது.) கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, பல்லின் மேல்பக்கம் அதற்கான கோடு போட்டிருக்கும். அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள், திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். நாலைந்து முறை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு, அதாவது டெப்த் கேஜ், பல்லின் உயரத்துக்கு வந்துவிடும், பிறகு எவ்வளவு கூராக இருந்தாலும் கடிக்காது. அதற்கென்று தகடு விற்கிறது, அதை வைத்துத் தட்டை அரத்தால் இறக்குங்கள், 0.65 மி.மீ. வித்தியாசம் பொதுவான அளவு. அதிகமாக இறக்கினால் மிஷின் பிடுங்கி இழுக்கும், கிக்பேக்கும் கூடும்.

புகை வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், செயினுக்கு ஆயில் போகாமல் இருப்பது. பழைய அட்டைப் பெட்டி மேல் பார் நுனியைப் படாமல் காட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கோடாக எண்ணெய் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லையா, பாரைக் கழற்றி எண்ணெய்த் துளையில் அடைத்திருக்கும் தூளைக் குத்தி எடுங்கள்.

கேள்வி: 16 அங்குல செயின் என்று கேட்டு வாங்கி வந்தேன், என் 16 அங்குல பாரில் ஏறவே இல்லை. எது தவறு?

பதில்: அங்குலம் மட்டும் சொன்னதுதான். செயினுக்கு மூன்று அளவு உண்டு. பிட்ச் (அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி), பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதியின் தடிமனான கேஜ், அந்தப் பகுதிகளின் எண்ணிக்கை. மூன்றும் பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்தில், மிஷினோடு சேரும் இடத்தில் பொறித்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். தேய்ந்து போயிருந்தால் பழைய செயினைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே எண்ண வேண்டியதுதான். எண்ணத் தொடங்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐம்பதைத் தாண்டும்போது எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டிவரும்.