பஞ்சு வைத்தால் போதுமா?

கேள்வி: எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. களை வெட்ட ஆள் கிடைக்காமல் போன வருடம் என் வீட்டுக்காரர் பிரஷ் கட்டர் வாங்கினார். வாரத்தில் இரண்டு நாள், காலையில் மூன்று மணி நேரம் அவரே ஓட்டுகிறார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்கிறார். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்கிறதாம். காலையில் சரியாகிவிடுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டும், அம்மணி. இருபது வருடமாகக் காது கேட்கும் அளவைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ‘காலையில் சரியாகிவிடுகிறது’ என்ற வார்த்தையை நம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

என் அப்பாவும் அதில் ஒருவர். சோமனூரில் விசைத்தறி ஓட்டினார். தறியில் அறுந்து விழும் நூலைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். அவருக்கும் முதலில் ராத்திரி மட்டும்தான் ‘ஙொய்’. அப்புறம் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் அது போகவில்லை. ஒருநாள் அம்மா சந்தைக்குப் போகக் காசு கேட்டார். அப்பா காதைத் தடவிப் பார்த்துவிட்டு, “காதுக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். காசு, காது. இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைத்தான். ச, ஸ எல்லாம் அந்தப் பக்கத்து எழுத்துகள். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசினார்கள் என்று பிடிபடாது. குழந்தைகள் பேச்சு முதலில் நழுவும்.

உள்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கின்றன. மாடு புகுந்த சோளக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சாய்ந்த சோளத்தட்டு மறுநாள் நிமிரும். வாரத்துக்கு இரண்டு தடவை மிதிபட்டால் ஒடியும். கோழிக்கு இந்த அணுக்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும். மனுசனுக்கு முளைப்பதில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. பிரஷ் கட்டர் ஓட்டுபவரின் காதருகே 100 வரை போகும். மரம் அறுக்கும் செயின் சா அதையும் தாண்டும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவது மூன்று மணி நேரம்!

பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பதாக மனசுக்குத் தோன்றுவதுதான் அதிலுள்ள கெடுதல். ஸ்பாஞ்சு காதடைப்பான் வாங்குங்கள். ஒரு ஜோடி சில ரூபாய்தான். அதைத் திணிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு விளக்குத்திரி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, காது மடலை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது பஞ்சுக்குச் சமம்தான்.

அட்டையில் என்.ஆர்.ஆர். (சத்தத்தைக் குறைக்கும் அளவு) 29 என்று போட்டிருந்தால் அவ்வளவும் குறையும் என்று எண்ண வேண்டாம். ஏழைக் கழித்துப் பாதியாக்குங்கள், 11 வரும். 100 டெசிபல் 89 ஆகும். அந்த அளவில் மூன்று மணி நேரம் வரை தாங்கலாம். ஆனால் நடுவில் போன் வந்ததென்று, மெஷினை அணைக்காமல் பத்து நிமிடம் கழற்றி வைத்தால், மீதி நேரம் முழுக்கப் பட்ட அடியில் முக்கால் பங்கு அந்தப் பத்து நிமிடத்திலேயே பட்டுவிடும். மெஷினை அணைத்த பிறகுதான் காதைத் திறக்க வேண்டும். இதை மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

தலையில் மாட்டும் காதுமூடியும் நல்லதுதான். உருமாலைக்கு மேல் மாட்டினால் இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே வரும். கண்ணாடிக் காம்பும் அப்படித்தான் இடைவெளி உண்டாக்கும்.

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மெஷினால் செடி வெட்டும்போது இயர்போனில் பாட்டு வைத்துக்கொள்கிறேன். காதும் மூடியிருக்கிறது, சலிப்பும் தெரிவதில்லை. தப்பா?

பதில்: வேண்டாம், தம்பி. மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அதைவிடச் சத்தமாகத்தான் வைத்தாக வேண்டும். இரண்டு அடியும் ஒரே காதுக்கு விழுகிறது.

கேள்வி: அந்தியூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் அப்பாரு தட்டு வெட்டும் மெஷின் ஓட்டும்போது என் ஆறு வயதுப் பையன் பக்கத்திலேயே நிற்கிறான். அப்பாருக்கு இப்போது ஒரு காது மந்தமாகிவிட்டது. வெதுவெதுப்பாக எண்ணெய் விடலாமா?

பதில்: பையனை முதலில் கொட்டகையை விட்டு வெளியே அழைத்து வாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே அது அப்படிக் குறையாது. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அந்த இடத்தில் குழந்தை நிற்கக் கூடாது. வெளியே பிரஷ் கட்டர் ஓடும்போதும் ஐம்பது அடி தள்ளியே நிற்கட்டும். அங்கே கல் தெறிக்கும் பயமும் உண்டு.

அப்பாரு விஷயத்தில் எண்ணெய், பூண்டுச்சாறு எதுவும் விடாதீர்கள். அழுக்கு அடைத்திருக்கலாம், அப்படியானால் எளிதில் தீரும். ஆனால் மந்தம் திடீரென்று, ஓரிரு நாளுக்குள் வந்திருந்தால் அது அவசரம். இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாள் தள்ளத் தள்ள மருந்துக்குக் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். மெல்ல மெல்ல வந்த மந்தமென்றால் கேட்கும் அளவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் அவர் மெஷின் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையில் உண்மையான அளவு தெரியாது. தட்டை அன்றைக்கு நீங்கள் வெட்டிப் போடுங்கள், காதடைப்பானோடு.