வாசகர் கேள்வி – பதில்: ஊற்று வற்றிய பிறகு பெருத்த ஊர்

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவில், லாஸ் வேகஸில் வேலை பார்க்கிறார். அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகவில்லை என்று, ஒரு மணி நேரத் தொலைவில் 'பரம்ப்' என்ற ஊரில் மனை பார்க்கிறாராம். பாலைவனத்தில் இப்படி ஓர் ஊர் எப்படி முளைத்தது?
— வாசகர், ஈரோடு

பதில்: வயலில் அடிக்கிற பரம்புக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. தெற்குப் பையூட் பழங்குடியினர் மொழியில் 'பா' என்றால் தண்ணீர். ஊர்ப்பெயரின் முதல் எழுத்திலேயே அது இருக்கிறது. மழை ஆண்டுக்கு ஐந்து அங்குலத்தைச் சுற்றித்தான். ஆனால் கிழக்கே ஸ்பிரிங் மலைத்தொடரில் சார்ல்ஸ்டன் சிகரம் 3,632 மீட்டர் உயரம். அங்கே விழும் பனி உருகி, அடிவாரத்துக் கல்லிலும் மணலிலும் இறங்கி, கீழே மான்ஸ், பென்னெட் முதலிய ஊற்றுகளாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பண்ணைகள் வந்தது அதை நம்பித்தான்.

கெட்டதும் அந்தப் பண்ணைகளால்தான். பருத்திக்கும் குதிரை மசாலுக்கும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். 1963இல் மின்சாரம் வந்தபின் இறைப்பு இன்னும் சுலபமாயிற்று. 1975இல் மான்ஸ் ஊற்று வற்றியது. அந்த ஒரே ஊற்றில் வாழ்ந்த விரல் நீளப் 'பரம்ப் குட்டைமீனை' 1971இலேயே வேறு ஊற்றுக்கு மாற்றியிருந்ததால் அது பிழைத்தது. பரம்ப் இருக்கும் பள்ளத்தாக்கின் மற்ற ஊற்றுகளில் இருந்த அதன் இரண்டு உறவினங்கள் அதற்கு முன்பே அழிந்துவிட்டன.

1970 வாக்கில் ஒரு மனை நிறுவனம் பண்ணை நிலத்தை வாங்கி, 'கால்வாடா' (கலிபோர்னியா என்ற பெயரில் பாதி, நெவாடா என்ற பெயரில் பாதி!) என்று பெயர் சூட்டி, ஆயிரக்கணக்கில் மனை பிரித்து விற்றது. வாங்கியவர்களில் பலர் உடனே குடிவரவில்லை. லாஸ் வேகஸ் வீங்க வீங்கத்தான் இந்த மனைகளில் வீடு எழும்பியது. 1990இல் 7,424 பேர், 2000இல் 24,631, 2020இல் 44,738. பருத்தி அதற்குள் போய்விட்டது.

கேள்வி: மனை வாங்குமுன் அங்கே எதைப் பார்க்க வேண்டும்? போர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தரகர்.
— அதே வாசகர்

பதில்: அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு எடுக்கத் தகுந்தது என்று நெவாடா மாநிலம் வைத்திருக்கும் அளவு 20,000 ஏக்கர்-அடி. (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி; 12.33 லட்சம் லிட்டர்.) கொடுத்து வைத்திருக்கும் நீர் உரிமைகளோ (ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கலாம் என்ற அனுமதி) இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இது போக, உரிமம் இல்லாமலே ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடி வரை, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 6,750 லிட்டர், இறைக்கச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுப் போர்கள் சுமார் 11,000. எல்லாரும் முழு அளவை இறைத்தால் வீட்டுப் போர்கள் மட்டுமே 22,000 ஏக்கர்-அடி! நடப்பில் அவ்வளவு இறைப்பதில்லை என்பதால் வண்டி ஓடுகிறது.

இதனால் 2017 டிசம்பரில் மாநில நீர்த்துறையின் தலைமைப் பொறியாளர் ஓர் உத்தரவு போட்டார்: புதிதாக வீட்டுப் போர் போட வேண்டுமானால், அதே பள்ளத்தாக்கில் ஏற்கெனவே இருக்கும் 2 ஏக்கர்-அடி நீர் உரிமையை வாங்கி அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் நெவாடா உச்ச நீதிமன்றம் உத்தரவை நிலைநிறுத்தியது. ஆகவே மனையின் விலையோடு அந்த உரிமையின் விலையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மனைப் பிரிவுக்கென முன்பே உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தால் இந்தச் செலவு மிச்சம். அதற்கான ஆவணத்தைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். தண்ணீர் நிறுவனத்தின் குழாய் மனைவரை வந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

வீடும் போரும் ஏற்கெனவே இருந்தால், போர் போட்டவர் அரசுக்குக் கொடுத்த பதிவின் நகல் கேட்க வேண்டும். அன்று நீர்மட்டம் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று பார்த்து, இன்றைய மட்டத்தை அளக்கச் சொல்லலாம். இடைவெளி குறுகியிருந்தால் மோட்டாரை இறக்கவோ போரை ஆழப்படுத்தவோ சீக்கிரமே செலவு வரும். கேசிங் குழாயைச் சுற்றிப் போட்ட சிமென்ட் திட்டின் அடியில் கை நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால், நீர் போனபின் களிமண் அடுக்கு அமுங்கித் தரை தாழ்ந்திருக்கலாம்.

பெரும்பாலான மனைகளில் கழிவுநீர் செப்டிக் தொட்டிக்குத்தான் போகிறது. கழிவு ஊறும் குழிக்கும் போருக்கும் நடுவே குறைந்தது 100 அடி வேண்டும். பக்கத்து மனைக்காரரின் குழியிலிருந்தும் அளக்க மறக்கக் கூடாது. சின்ன மனையில் இடிப்பது அங்கேதான். தண்ணீரில் நைட்ரேட் சோதனையும் செய்துவிடலாம்.

கேள்வி: பரம்ப்புக்கு மேயரே கிடையாதாமே?
— வாசகி, விருதுநகர்

பதில்: உண்மைதான். 44,000 பேர் இருந்தும் அது நகராட்சி ஆகவில்லை. நை கவுண்டி (நம் மாவட்டம் போல) நிர்வாகமே எல்லாம் பார்க்கிறது. கவுண்டியின் தலைநகர் டோனோபா சுமார் 265 கி.மீ. வடக்கே! வரியும் விதியும் குறைவாக இருக்கட்டும் என்று வந்து சேர்ந்தவர்கள் அதிகம், ஓய்வுபெற்றவர்களும் அதிகம். பட்டாசுக் கடை, சூதாட்ட விடுதி, மண் சாலை ஓரத்து டிரெய்லர் வீடு எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். பறக்கும் தட்டு பற்றி நள்ளிரவு வானொலியில் பேசிப் புகழ்பெற்ற ஆர்ட் பெல் பல ஆண்டுகள் ஒலிபரப்பியதும் இங்கிருந்த தன் வீட்டிலிருந்துதான்.