கேட்டு வாங்குங்கள்: ஓம் என்பது மந்திரம் அல்ல

போன முறை கிட்டார் ஆம்ப்புக்கு மாற்று ஸ்பீக்கர் பற்றி ஒரே ஒரு பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி அதே விஷயம். பாடகர் குழு இருக்கிற கடற்கரை ஊர் ஒன்று பாக்கியில்லை போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: மாதா கோயில் பாடகர் குழுவின் 30 வாட் ஆம்ப்பில் 12 இன்ச் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. 8 ஓம் கேட்டோம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று 4 ஓம் கொடுத்தார் கடைக்காரர். திருவிழா அன்று மூன்றாவது பாட்டில் ஆம்ப் நின்றுவிட்டது. தப்பு எங்களுடையதா? (தங்கச்சிமடம்)

ப: உங்களுடையது இல்லை தம்பி. கேட்டதைக் கொடுக்காதவருடையது. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு. அது பாதியானால் ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டிரான்சிஸ்டர் ஆம்ப் சூடேறி நின்றிருக்கிறது. எரியாமல் நின்றதே புண்ணியம். ஆம்ப்பின் பின்னால் 'குறைந்தது 8 ஓம்' என்று இருந்தால் 8 போடலாம், 16-ம் போடலாம். 16-ல் சத்தம் சற்றுக் குறையும், ஆபத்தில்லை. கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் எழுதியிருக்கும் ஓமையே போட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பில்லில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் ஸ்பீக்கர் காசோடு ஆம்ப் ரிப்பேர் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

கே: 8 ஓம் என்று வாங்கிய ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6.3 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (பாம்பன்)

ப: இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6-க்கும் 7-க்கும் நடுவில்தான் காட்டும்.

கே: நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று சொல்லுங்கள். பழையதைக் காயலான் கடையில் போட்டாச்சு. (பெரியபட்டினம்)

ப: ஆம்ப் எத்தனை வாட், எத்தனை ஓம், ஸ்பீக்கர் எத்தனை இன்ச், ஒன்றும் எழுதவில்லை. கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்கிறீர்கள். பாதி பதில் அந்தப் பழைய ஸ்பீக்கரின் மேக்னட் மேலேயே இருந்திருக்கும். காயலான் கடைக்கு ஓடுங்கள்.

கே: என் ஆம்ப் 30 வாட். 1000 வாட் ஸ்பீக்கர் மலிவாக வருகிறது. போட்டால் சத்தம் பிய்த்துக்கொண்டு போகும்தானே? (தேவிபட்டினம்)

ப: இந்த வாட் கதையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பெட்டிகளில் தங்க எழுத்தில் '5000 வாட்' என்று ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் எறும்பு அளவில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டு எழுதுகிற எண் அது. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது விடாமல் தொடர்ந்து தருகிற வாட். சந்தேகம் வந்தால் பெட்டியோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 24. உள்ளே 24 வாட் போகிற பெட்டி வெளியே 5000 வாட் எப்படித் தரும்? ஒரு படி தண்ணீர் குடித்த மாடு இருநூறு படி பால் கறக்குமா?

ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் வாட் அது தாங்குகிற அளவு. தருகிற சத்தம் இல்லை. 30 வாட் ஆம்ப்புக்கு 50, 60 வாட் தாங்கும் ஸ்பீக்கர் போதும். சத்தத்தைத் தீர்மானிப்பது டெசிபலில் எழுதியிருக்கும் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. அதில் 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் தாங்குவது 25 வாட், 98 டெசிபல். உங்கள் ஆம்ப்பை முழுக்கத் திருகினால் ஒற்றை கிரீன்பேக் தாங்காது. அதே கம்பெனியின் வின்டேஜ் 30 பெயரில்தான் 30. தாங்குவது 60 வாட், 100 டெசிபல். பெயரைப் படித்து வாங்கினால் அங்கேயும் தவறும்.

கே: துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கார் வூஃபர் சும்மா கிடக்கிறது. ஆம்ப்பில் மாட்டலாமா? (கீழக்கரை)

ப: மாட்டிப் பார்த்தவன் நான். அதுவும் காசு கொடுத்து வாங்கி. கிட்டார் நனைந்த சாக்குக்குள்ளிருந்து வாசிப்பது போல் இருந்தது. கிட்டார் ஸ்பீக்கருக்கு லேசான காகிதக் கோன். அந்த ஓசையே அதில்தான் இருக்கிறது. கார் வூஃபர் அடித்தொண்டைக்குச் செய்தது, கோனும் கனம். அதைக் காரிலேயே விடுங்கள்.

கே: பழைய கிட்டார் ஸ்பீக்கர் பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (மண்டபம்)

ப: நம் பக்கத்தில் முதல் எதிரி உப்புக் காற்று. நான் ஒருமுறை மேக்னட் பளபளவென்று இருக்கிறதே என்று ஒன்றை வாங்கிவந்தேன். உள்ளே துருப்பிடித்து, கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசிக்கொண்டிருந்தது. நான்கு நாள் வாசித்தேன், ஐந்தாம் நாள் ஊமை. அன்றிலிருந்து இப்படித்தான்: ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, கோனின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி, சமமாக மெதுவாக அழுத்துவேன். காதைக் கிட்டே வைத்தால், நல்லது சத்தமில்லாமல் இறங்கி ஏறும். மணலைத் தேய்த்த மாதிரி 'கரகர' கேட்டால் எழுந்து வந்துவிடுவேன். டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா, கோனுக்குப் போகும் பின்னல் கம்பி இற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். கோன் மட்டும் கிழிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய ஓசை அப்படியே திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கே: ஆன்லைனில் வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கினேன். ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியது. உரித்தால் அடியில் வேறு கம்பெனி ஸ்டிக்கர். விற்றவர் 'உரித்ததால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். எட்டு மாதம் சேர்த்த காசு. (தொண்டி)

ப: படித்ததும் வயிறு எரிந்தது. உரித்ததால்தானே போலி என்றே தெரிந்தது! விடாதீர்கள். இரண்டு ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பில், பார்சல் அட்டை, அவர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ராமநாதபுரத்திலேயே, வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதுவரை அந்த ஸ்பீக்கரை ஆம்ப்பில் மாட்டாதீர்கள்; எரிந்தால் 'நீங்கள்தான் எரித்தீர்கள்' என்பார்கள்.