செப்பிடு வித்தையும் சீதாபலும்

அன்புள்ள ஐயா,

மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் மூன்று வருடமாக அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் வைக்கிறோம். பிள்ளைகள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு வேஷத்தில் வீடு வீடாகப் போய் சாக்லேட் வாங்குவார்கள். இந்த முறை கிளப் ஹவுஸில் என் கணவர் மேஜிக் ஷோ செய்தார். ஆறு மாதமாக ராத்திரியில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார். இரண்டாவது ஐட்டத்தில், கைக்குட்டை மறைகிற இடத்தில், பதினோரு வயதுப் பையன் ஒருவன் எழுந்து "........" என்று கத்தினான். அவனுடைய அப்பா, "யூடியூப்ல எல்லாமே இருக்கு, பாய்சாப்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மீதியை அவசரமாக முடித்துவிட்டு வந்து, பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டார். என் மாமியார், "நமக்கெதுக்கு வெள்ளைக்காரன் பேய்ப் பண்டிகை, அதான் இப்படி" என்கிறார். என் கேள்வி இதுதான்: நம் பிள்ளைகள் இதையெல்லாம் கொண்டாடுவது சரியா? நம் பண்பாடு விட்டுப்போகாதா?

ச., தில்லி

*

அன்புள்ள ச.,

அந்தப் பையன் கத்தியது என்ன என்பதை நீங்கள் அப்படியே எழுதியிருந்தீர்கள். அங்கே புள்ளி வைத்தது நான்தான். உங்கள் கணவர் ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நான் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

பண்பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கொண்டாடுங்கள். நவராத்திரிக்கு ராதையும் கிருஷ்ணனுமாக வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுண்டல் வாங்கப் போனவர்கள்தானே நாம். புது வீட்டு வாசலில் பூசணிக்காயில் பூதத்தின் முகத்தை எழுதித் தொங்கவிடுகிறவர்களும் நாம்தான். அயர்லாந்துக்காரர்கள் ஆதியில் டர்னிப்பைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகு, அங்கே கிடைத்த பூசணிக்கு மாறிக்கொண்டார்கள். மாமியாருக்கு என் நமஸ்காரம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. உங்கள் கடிதம் வந்த வாரம் ப்ளூ லைன் மெட்ரோவில் ஷாதிபூரைத் தாண்டிப் போனேன். எப்போது தாண்டினாலும் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். அங்கேதான் கட்புத்லி காலனி இருந்தது. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், ஜாதூகர்கள் என்கிற தெரு வித்தைக்காரர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வித்தை காட்டியவர்களின் குடிசைகள். அடுக்குமாடி கட்டித் தருகிறோம் என்று சொல்லி, 2017 அக்டோபர் கடைசியில் புல்டோசரைக் கொண்டுவந்தார்கள். பலரும் ஆனந்த் பர்பத்தில் தற்காலிக முகாமுக்குப் போனார்கள். உங்கள் பிள்ளைகள் பேய் வேஷத்துக்குத் துணி தைக்கிற அதே நாட்கள். அன்று அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது நினைத்துக்கொண்டிருந்தது என் அப்பாவை.

அப்பா மத்திய அரசு குமாஸ்தா. ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். ஈரோட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் பகுத்தறிவும். ஆபிரகாம் கோவூர் என்றால் உயிர். அற்புதம் செய்கிறேன் என்கிற எந்தச் சாமியாராவது என் நிபந்தனைப்படி செய்து காட்டட்டும், லட்ச ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டவர் கோவூர். அப்பா அந்தச் சவாலைத் தானே விட்ட மாதிரி சொல்வார்.

எனக்கு எட்டு வயது. ஜனவரி மாத ஞாயிறு மதியம். தில்லியில் வெயிலுக்காக எல்லோரும் வெளியே வந்துவிடுகிற நேரம். புல்வெளியில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வேர்க்கடலைத் தோல், கின்னு ஆரஞ்சுத் தோல். டுகுடுகி என்கிற சின்ன உடுக்கையின் சத்தம் கேட்டது. ஒருவர் வந்து குந்தி உட்கார்ந்து துணியை விரித்து, தலையில் குமிழ் வைத்த மூன்று மரச் செப்புகளைக் கவிழ்த்தார். துணியில் சுருட்டிய சிவப்பு உருண்டைகள், நெல்லிக்காய் அளவு. கூட ஒரு பையன், என் வயதுதான் இருக்கும். அவன்தான் ஜமூரா, வித்தைக்காரரின் எடுபிடிப் பையன். அவனுக்கு அவர் உஸ்தாத், அதாவது குரு.

"ஜமூரே!"

"ஹாம் உஸ்தாத்!"

"கூம் ஜா!" (சுற்று!)

"கூம் கயா உஸ்தாத்!" (சுற்றிவிட்டேன், குருவே!)

செப்பிடு வித்தை என்று நாம் சொல்கிறோமே, அந்தச் செப்பு இதுதான். மோசடிக்காரர்களை எல்லாம் செப்பிடு வித்தைக்காரன் என்று திட்டித் திட்டி அந்தச் சொல்லைப் பாழாக்கிவிட்டோம்.

அவர் என்னைக் கூப்பிட்டார். என் உள்ளங்கையில் ஒரு உருண்டையை வைத்து விரல்களை மூடினார். அவர் விரல் ஒவ்வொன்றிலும் வெடிப்பு. குளிர் வெடிப்பு. இன்னொன்றைத் தன் கையில் பிடித்து ஊதினார். கையைத் திறந்தால் காணோம். அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல், அந்த உடைந்த ஹிந்தியில்: "தூஸ்ரே ஹாத் மே ஹை!" இன்னொரு கையில் இருக்கிறதாம்.

உஸ்தாத் சிரித்தார். "பாபுஜி, ஆப் தோ மேரே பீ உஸ்தாத் நிக்லே." நீங்கள் எனக்கே குருவாக இருக்கிறீர்களே என்றார். கூட்டமும் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. உள்ளே வந்து அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்தார். ஒவ்வொரு விரலாக.

கை காலி.

அப்பா அடுத்த கையைப் பிடித்தார். அதுவும் காலி. யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வட்டம் ஒரு முறை உடைந்தால் மறுபடி கூடாது. வித்தையின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் துணியை நீட்டிக் காசு கேட்பார்கள். அது வருவதற்குள் கலைந்துவிட்டது. ஜமூரா செப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஊதித் தூசியைத் தட்டி, பைக்குள் வைத்தான். அப்பா என்னைத் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்.

மாடிப்படியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, என் கை இன்னும் மூடியிருக்கிறது. திறந்தேன். இரண்டு உருண்டைகள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரிங் ரோடு வரைக்கும் யாரும் இல்லை. அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மாவின் எவர்சில்வர் டம்ளர் இரண்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்பா அந்த உருண்டைகளோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் சட்டைப்பையில் அவற்றைப் போட்டுக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் திரும்பவே இல்லை.

அப்பாவின் கோபம் தப்பில்லை. ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார். விபூதி வரவழைத்து இது தெய்வசக்தி என்று சொல்கிறவனின் கையைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் ஹாலோவீன் அன்றே, 1926இல், டெட்ராய்ட்டில் இறந்த அமெரிக்க மேஜிக் நிபுணர் ஹூடினி கடைசி வருடங்களில் செய்ததும் அதுதான்: ஆவியோடு பேசுகிறேன் என்று காசு பறித்தவர்களை அம்பலப்படுத்தினார். அவர் ஆவியாவது வருமா என்று மனைவி பத்து ஹாலோவீன் காத்திருந்து, 1936இல் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் ஜாதூகர் என்ன சொன்னார்? இது வித்தை என்றுதானே சொன்னார்? ஏமாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏமாற்றுகிற ஒரே மனிதரை அம்பலப்படுத்துவதில் என்ன பகுத்தறிவு?

சட்டமும் அப்பாவைப் போலத்தான் இருந்தது. பிச்சை எடுப்பதைத் தடுக்க 1959இல் பம்பாயில் ஒரு சட்டம் போட்டார்கள், பிறகு அது தில்லிக்கும் வந்தது. தெருவில் பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது, இவற்றைச் சாக்காக வைத்துக் காசு வாங்கினாலும் அதன் கண்ணில் பிச்சைதான். 1964இல் மேடை மேஜிக் நிபுணர் பி.சி. சர்க்காருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், மகா கலைஞர். ஆனால் மேடையில் ஜரிகைத் தலைப்பாகையோடு செய்தால் பத்மஸ்ரீ, புல்வெளியில் நாலு பக்கமும் ஆள் சூழ்ந்திருக்கச் செய்தால் போலீஸ் வேன். இரண்டில் எது கஷ்டம் என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018 ஆகஸ்டில்தான் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கட்புத்லி காலனியை இடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது.

இப்போது உங்களிடம் வருகிறேன். அந்தப் பையனை நான் திட்ட மாட்டேன். தெரிந்ததைக் கத்துகிற வயது. அவன் அப்பாவைத் திட்டலாம், ஆனால் அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏன் சிரித்தீர்கள்? ஆறு மாதம் பக்கத்து அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தவர் அந்தக் கிளப் ஹவுஸில் நீங்கள் ஒருவர்தான். சபை சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம், தெரியும். அன்று புல்வெளியில் உஸ்தாத் அந்தப் பதில் சொன்னபோது என் அப்பாவைப் பார்த்து நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே வந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கணவருக்கும் ரெண்டு வார்த்தை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சீட்டுக்கட்டு எதற்கு? இஸ்பேடு எது ஆட்டின் எது என்றே தெரியாதவர்களுக்கு அது மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. (நீங்கள் இணைத்த படத்தில் கையில் சீட்டு இருக்கிறது.) பிள்ளைகள் இரண்டு பக்கமும் பின்னாலும் நிற்கிறார்கள். தெருவில் அப்படிச் செய்யப் பரம்பரை வேண்டும்; ஆறு மாதக்காரர் முதுகுக்குப் பின்னால் சுவர் வைத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளை எதிரே தரையில் உட்கார வைக்க வேண்டும். அப்புறம், கத்துகிறவனுக்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். அந்த உஸ்தாத் யோசித்தா சொன்னார்? நூறு புல்வெளியில் சொன்ன பதில் அது.

அடுத்த வருடம் செப்டம்பரிலேயே அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கைக்குட்டையை அவன் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முப்பது தடவை கீழே போடுவான். அவன்தான் உங்கள் ஜமூரா. எவனாவது கத்த வாயெடுத்தால் உங்கள் கணவருக்கு முன்னால் அவன் பாய்வான்.

பூசணி குடைவதானால் காய்காரரிடம் சீதாபல் என்று கேளுங்கள், முழுசாக வேண்டுமென்று இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் கீற்றுப் போட்டுவிடுவார். என் அம்மா தில்லிக்கு வந்த புதிதில் சீத்தாப்பழம் என்று நினைத்து அரைக் கிலோ கேட்டுவிட்டு, பூசணிக் கீற்றோடு வந்து அழுதாளாம்.

பரண்மேல் இருக்கிற பெட்டியை நீங்களே இறக்குங்கள். அவர் இறக்க மாட்டார்.